மாவு மில் வாசலில் நான் இல்லை

என் அருமை அண்ணே,

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. இத்தனை நாளில் உன் படத்துக்கு முன்னால் நின்றுகூட நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அண்ணியைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் இதை எழுதத் துணிந்தேன். ஊரும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

விருத்தாசலத்தில் உன்னைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? உன்னோடு பீங்கான் சூளையில் வேலை பார்த்தவர்கள் என்னைக் கண்டால் வண்டியை நிறுத்துகிறார்கள். "தங்கச்சிய வெளிய தள்ளி வுட்டுட்டுத் தன் உசுர வுட்டாரும்மா ஒங்கண்ணன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். நானும் தலையை ஆட்டுகிறேன். அப்படி எதுவும் நடக்கவில்லை என்பது உனக்கும் எனக்கும் தெரியும்.

உன் கம்பெனியில் பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கும் ஷெட்டில் வைக்கோல் பற்றிக்கொண்டதே, அன்றைக்குத்தான் நீ மாறினாய். உன் கூட்டாளி உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் செத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. "நெருப்பு இல்ல செல்வி, பொகதான் ஆளக் கொல்லுது. தூங்குறவனுக்கு வாசனகூடத் தெரியாது" என்றாய். அடுத்த வாரமே வெள்ளைத் தட்டு மாதிரி ஒரு புகை அலாரம் கூரியரில் வந்தது.

முதலில் அதைச் சமையலறை வாசலில் மாட்டினாய். அண்ணி கடுகு தாளிக்கும்போதெல்லாம் அது கத்தியது. கழற்றிக் கொண்டுபோய் ஹால் கூரையின் நடுவில் மாட்டினாய். மாதம் ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பார்ப்பாய், ஒட்டடையைத் துடைப்பாய், பொங்கலுக்குப் பொங்கல் பேட்டரி மாற்றுவாய். அதோடு விட்டாயா? சொல்லாமல் கொள்ளாமல் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு பட்டனை அமுக்கிவிட்டு, கையில் செல்லோடு நேரம் பார்ப்பாய். எல்லோரும் குனிந்தபடியே வெளியே ஓடி, எதிரில் இருக்கும் மாவு மில் வாசலில் கூட வேண்டும். நீ தலைகளை எண்ணுவாய். நான், அண்ணி, உன் மகள் கயல், நீ. நான்கு. வெளியே வந்தவர் எதற்காகவும் திரும்ப உள்ளே போகக் கூடாது என்பதும் நீ போட்ட சட்டம்தான்.

எனக்கு அது பிடிக்கவில்லை, அண்ணே. வேப்பூரில் புருஷன் வீட்டை விட்டு வந்து உன் வீட்டுப் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தவள் நான். நீ விசில் அடித்தால் ஓட வேண்டும் என்பது, சோறு போடுகிறவன் ஆட்டி வைக்கிறான் என்பது போல எனக்குப் பட்டது. ஒரு தடவை நான் கடைசியாக வந்தேன். தெருவே வேடிக்கை பார்க்க, "நெசமா தீப் புடிச்சா நீதான் மொதல்ல போவ" என்றாய். மில் வாசலில் நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். கயலும் சிரித்தாள். நான் அதை மனதில் வைத்துக்கொண்டேன்.

நீ போன அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். அலாரம் கத்தியது. ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தேன். என் அறையிலிருந்து கொல்லைக் கதவு இரண்டடி. எழுந்து அதைத் திறந்துகொண்டு வெளியே போனேன். நாய் நுழைந்துவிடும் என்று வெளிப்பக்கம் தாழ்ப்பாளும் போட்டேன். மில் வாசலுக்கு வரவில்லை. குட்டைச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டு சாந்தி அக்காவின் கொல்லைக்குப் போய், அவர் உளுந்து புடைப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சமையலறையில் பிரிட்ஜுக்குப் போன ஒயர் பெட்டி தீப்பிடித்து, பக்கத்தில் நான் அடுக்கி வைத்திருந்த அட்டைப் பெட்டிகளுக்குத் தாவியிருந்தது என்று பிறகுதான் சொன்னார்கள். நான் விற்கிற பீங்கான் விளக்குகளுக்கு வாங்கிய பெட்டிகள். எடுத்துவிடச் சொல்லி நீ இரண்டு தடவை சொல்லியிருந்தாய்.

நீ என்னைக் கூப்பிட்டாய். முதலில் தெருப்பக்கமிருந்து. "செல்வி... செல்வி..." சாந்தி அக்கா முறத்தை நிறுத்திவிட்டு, "ஒங்கண்ணன் கூப்புடுறாரு பாரு" என்றார்.

"கத்தட்டும்க்கா. ஒரு நாளாவது தேடட்டும்" என்றேன்.

அடுத்த தடவை உன் குரல் வீட்டுக்குள்ளிருந்து வந்தது. என் அறையிலிருந்து. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு கொல்லைக் கதவு தடதடவென்று ஆடியது. நீ விளையாடுவதாக நினைத்தேனா? இல்லை, அண்ணே. கோபத்தில் தட்டுகிறாய் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு சிரித்தேன். தட்டுவது நின்ற பிறகுதான் சாந்தி அக்கா ஓட்டுக்கு மேலே பார்த்தார். "அடியே, பொக" என்றார்.

தாழ்ப்பாளை நான் இழுத்தபோது கறுப்பாகப் புகை முகத்தில் அடித்தது. நீ நிலைக்கு உள்ளே குப்புறக் கிடந்தாய். தோளைப் பிடித்து வெளியே இழுத்தேன். தெருவைச் சுற்றிக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தபோது, உன் தலை என் மடியில் இருந்தது. என் உடம்பெல்லாம் கரி. பார்த்தவர்கள் அவர்களாகவே கதையை முடிவு செய்துகொண்டார்கள். நான் மறுக்கவில்லை. "நீயும் சொல்லாத, நானும் சொல்லல" என்ற சாந்தி அக்கா, மூன்று மாதத்தில் மகள் வீட்டோடு திட்டக்குடிக்குப் போய்விட்டார்.

அண்ணியும் கயலும் இப்போது சேத்தியாத்தோப்பில், அண்ணியின் அம்மா வீட்டில் இருக்கிறார்கள். அந்த வீட்டுக்கு அலாரம் மாட்டத்தான் போன வாரம் போனேன். கூரை நடுவில் ஆணி அடித்து மாட்டினேன். எங்கே கூடுவது என்று கேட்டேன். "பஸ் ஸ்டாப்புல அத்தை" என்றாள் கயல். பிறகு பள்ளியில் பேசுவதற்காக எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்து படித்துக் காட்டினாள். அத்தையைக் காப்பாற்றிய அப்பா என்று தலைப்பு. நான் ஸ்டூலில் நின்றபடியே கேட்டேன். முடித்துவிட்டு, "நெசமா இப்படித்தான அத்தை?" என்றாள்.

அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டு அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தாழ்ப்பாளையும் சொன்னேன். சிரித்ததையும் சொன்னேன்.

அண்ணி அழவில்லை. அலாரத்தில் மினுக்கிய சிவப்பு விளக்கைப் பார்த்தார்.

"மில்லு வாசல்ல அவரு எண்ணிப் பாத்தாரு. மூணுதான் இருந்துச்சி" என்றார். "உள்ள போவக் கூடாதுன்னு அப்படியே நின்னாரு. பேர சொல்லிக் கூப்புட்டுப் பாத்தாரு. நான்தான், செல்வி தூங்கும், போயி இட்டுக்கிட்டு வாங்கன்னு புடிச்சித் தள்ளுனேன்."

எனக்கு இது தெரியாது, அண்ணே. இந்த ஒரு வருஷமும் அதை அண்ணி யாரிடமும் சொல்லவில்லை.

"நான் அனுப்புனேன், அவரு போனாரு. ஆனா நீ பொழச்சிக்கிட்டன்னு மனசத் தேத்திக்கிட்டு இருந்தேன். இப்ப அதையும் புடுங்கிட்ட."

மன்னித்துவிடுங்கள் என்றேன்.

"ஸ்டூல எடுத்து உள்ள வெச்சிட்டுக் கெளம்பு" என்றார். வாசல்வரை போனவளை மறுபடி நிறுத்தினார். "கயலுகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீ சொல்லணும். அவ அந்தக் கட்டுரைய மேடையில ஏறிப் படிக்கிறதுக்கு முன்னாடி சொல்லணும். அதுக்கப்புறம் இந்த வூட்டுக்கு வராத."

வரும் வெள்ளிக்கிழமை அவள் மேடையேறுகிறாள். நான் புதன்கிழமை மாலை போகிறேன். தெரியாமல் நடந்துவிட்டது என்று அவளிடம் பூசி மெழுக மாட்டேன். அப்பா கூப்பிட்டது காதில் விழுந்ததா என்று கேட்பாள், விழுந்தது என்பேன். பிறகு ஏன் பதில் சொல்லவில்லை என்று கேட்பாள். ஒரு வருஷமாகத் தேடிப் பார்த்துவிட்டேன், அதற்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. எரிச்சலாக இருந்தது. பத்து வயதுப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதையே சொல்வேன். உன் மேல் சத்தியம், அண்ணே.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி