ஸப்னாவுக்கும் எனக்குமான வகுப்பு

2025 ஜனவரி 18, சனி
வகுப்பின் நடுவில் கரண்ட் போய்விட்டது. டேட்டாவில் மறுபடி சேர்ந்தபோது சிவரூபினி மிஸ் முடிக்கும் இடத்துக்கு வந்துவிட்டார். மட்டக்களப்பில் இருந்துகொண்டு எங்களைப் போன்ற தாய்மாருக்கு பிள்ளையைப் பேசப் பழக்குவது எப்படி என்று ஸூமில் சொல்லித் தருகிறார். எல்லோருடைய பிள்ளைகளுக்கும் டவுன் சிண்ட்ரோம். என் ஸப்னாவுக்கு ஒன்றரை வயது. இப்போதுதான் பிடிமானம் இல்லாமல் உட்காருகிறாள்.

சோறூட்டுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார். நான் ஊட்டினால் யார் எடுப்பது?

ஜனவரி 20, திங்கள்
என் கணவர் றிம்சானிடம் கேட்டேன். ஒலுவில் துறைமுகத்தில் மீன் எடுத்து லொறியில் அனுப்பிவிட்டு வந்து, சாப்பிட உட்கார்ந்திருந்தார்.

"என்ட புள்ளய வீடியோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பப் போறியா?"

"ஊருக்கில்ல மச்சான். மிஸ்ஸுக்கு மட்டும்."

"போன்ல போனா எல்லாருக்கும் போனதுதான்."

சோற்றைப் பாதியில் விட்டு எழும்பிவிட்டார். பாசம் இல்லாத மனிசன் இல்லை. வீட்டுக்குள் வந்ததும் முதலில் அவளைத்தான் தூக்குவார். ஆனால் வாசலைத் தாண்டிக் கூட்டிப் போகமாட்டார். யாராவது கேட்டால், "கொஞ்சம் சுகமில்ல" என்பார். என்ன சுகமில்லை? இது காய்ச்சலா, மாறிப்போக?

ஜனவரி 23
போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து நானே எடுத்தேன். பாதி வீடியோவில் என் முழங்கைதான்.

பெப்ரவரி 1, சனி
மிஸ் தனியாகக் கோல் எடுத்தார். பிழை பிடிப்பார் என்று பயந்தேன்.

"வடிவா ஊட்டுறீங்க றுஸ்தா. ஒண்டு மட்டும் பாருங்க. 'இன்னும் வேணுமா' எண்டு கேட்டுட்டு, 'ஓம், வேணும்' எண்டு நீங்களே சொல்லி வாயில வைக்கிறீங்க."

"அவ கதைக்கமாட்டாவே மிஸ்."

"கண்ணால, கையால சொல்லுவா. கேட்டுட்டுப் பொறுங்க. அவவுக்குக் கொஞ்சம் கூட நேரம் வேணும்."

கரண்டியைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பது லேசா? ஸப்னா விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெப்ரவரி 10
கையை நீட்டினாள்! கரண்டியைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து. அல்ஹம்துலில்லாஹ்.

பெப்ரவரி 16, ஞாயிறு
மாமி வந்தார், றிம்சானின் உம்மா. றிம்சானின் தங்கச்சிக்கு அடுத்த ஞாயிறு கல்யாணம்.

"புள்ளய உங்கட உம்மாக்கிட்ட விட்டுட்டு வா மகள். மாப்பிள்ள வீட்டாக்கள் எல்லாம் வருவாங்க. கண்டபடி கதைப்பாங்க."

றிம்சான் பக்கத்தில்தான் இருந்தார்.

மாமி போனதும், "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். வழக்கமாக நானே கொட்டித் தீர்ப்பேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். இன்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். ஸப்னா தரையில் இருந்து அவருடைய சாரத்தின் நுனியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஏலாது றுஸ்தா," என்றார் கடைசியில். "ஆக்கள் அவளப் பாக்கிற பார்வ... அதப் பாத்துட்டு என்னால நிக்க ஏலாது."

அழுதார். கல்யாணம் முடித்து இத்தனை வருடத்தில் இந்த மனிசன் அழுது நான் கண்டதில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டை பிடித்திருப்பன். இதுக்கு என்ன செய்ய? — நானும் இருந்து அழுதன்.

பெப்ரவரி 23
காலையில் றிம்சானே ஸப்னாவுக்கு உடுப்பு மாட்டிவிட்டார். கல்யாணத்துக்கு மூவரும் போனோம். பார்த்தவர்கள் பார்த்தார்கள். றிம்சான் அவளைத் தூக்கிக்கொண்டு நேரே ஆண்கள் பக்கம் போய்விட்டார். வீடு வரும்வரை என் கையில் தரவில்லை. மாமி என்னோடு ஒரு சொல் கதைக்கவில்லை.

மார்ச் 8, சனி
நோன்பு. வகுப்புக்கு றிம்சானும் வந்து உட்கார்ந்தார், போனில் முகம் விழாத மாதிரி ஓரமாக. முடியும் நேரம் மெதுவாகக் கேட்டார்: "இவ கதைப்பாவா மிஸ்?"

"எப்ப, எவ்வளவு எண்டு என்னால சொல்ல ஏலாது. அதுவரைக்கும் அவ சொல்றத நீங்க ரெண்டு பேரும் கவனியுங்க."

பொய் சொல்லாததற்காகவே எனக்கு மிஸ்ஸைப் பிடித்துப்போனது.

ஏப்ரல் 18, வெள்ளி
ஜும்ஆ தொழுகை முடிந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"ஒலுவில்ல போட்காரர் ஜவாத்துக்குப் புள்ள கிடைச்சிரிக்கி. டவுன் சிண்ட்ரோமாம். மனிசி ஆரோடயும் கதைக்கிறல்லயாம்."

"ஆரு சொன்ன?"

"ஜவாத்துதான். பள்ளிவாசலுக்கு வெளியில தனிய நிண்டு அழுதாரு." தொப்பியைக் கழற்றி மடித்தார். "என்ட மகளும் அப்பிடித்தான் எண்டு சொன்னன். ஞாயித்துக்கிழம வாறம் எண்டும் சொல்லிட்டன். ஸப்னாவயும் கூட்டிட்டு."