கோழி கூவமுன் பிறந்தவன்

வென்ட்வேர்த்வில்
11.02.2013

என் மகன் விக்னராஜாவுக்கு,

நீ பிறந்த அன்று அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டிருந்தாய். எழுதிக்கொள். அறைக்குள்ளே நான், என்னைப் பெற்ற ஆச்சி, மருத்துவிச்சி சின்னத்தங்கம். குசினியில் வெந்நீர் வைத்தவள் உன் மாமி பூரணம்; அன்றைக்கும் அடுப்பைப் புகையவிட்டு எங்கள் எல்லோரையும் இருமவைத்தாள். முற்றத்தில் உன் அப்பா. அவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவன் ஜெயரட்ணம் சித்தப்பா, அப்பாவின் சின்னையா மகன். அந்த வீட்டில் கையில் மணிக்கூடு கட்டியிருந்தவன் அவன் ஒருத்தன்தான். உன் அழுகைச் சத்தம் கேட்டதும் மணியைப் பார்த்து உரக்கச் சொன்னவனும் அவன்தான். ஆச்சி வெளியே எட்டிப் பார்த்து, “கோழி இன்னும் கூவேல்லை” என்றாள்.

கோழி கூவவில்லை என்றால் சூரியன் எழும்பவில்லை. சூரியன் எழும்பும்வரை எங்களுக்கு முதல் நாள்தான். அதனால் உன் சாதகக் குறிப்பில் ஞாயிற்றுக்கிழமை, பதின்மூன்றாம் திகதி. ஆனால் அப்பாவோடு பதிவுக்காரரிடம் போன ஜெயரட்ணம் இங்கிலீசு படித்தவன். நடுச்சாமம் தாண்டினால் மறுநாள் என்று சொல்லி, பதினான்காம் திகதியைப் போடுவித்தான். இரண்டும் பொய்யில்லை. சூரியனுக்கு ஒரு கணக்கு, அரசாங்கக் கந்தோருக்கு ஒரு கணக்கு.

போனில் நீ சொன்னது எனக்குப் பாதிதான் கேட்டது. மீதியை உன் தங்கச்சி ரஞ்சினி காதுக்குள் கத்தினாள்: “அம்மா, அண்ணாவின்ரை வேலையில்லாக் காசை நிப்பாட்டிப் போட்டாங்களாம். பிறந்த திகதி பொருந்தேல்லையாம்.” எனக்கு விளங்கவில்லை. வேலை இல்லாதவனுக்குத்தானே அந்தக் காசு? அதற்கு ஏன் பிறந்த நாள்? பிறக்காதவனும் வேலை தேடித் திரிகிறானோ?

மூன்றாம் வகுப்போடு நிறுத்தின எழுத்து. பிழை இருந்தால் பேத்தி நிரூபாவுக்குக் காட்டிச் சிரிக்காதே. இனி எது என்றாலும் எனக்குக் கடிதமாய் எழுது. போனில் நீ அழுகிறாயா சிரிக்கிறாயா என்று எனக்குத் தெரியவில்லை.

உன் அம்மா
பாக்கியம்


டண்டினொங்
03.03.2013

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை உங்கள் மருமகள் வசந்தினிக்கும் வாசித்துக் காட்டினேன். மாமியின் அடுப்புப் புகை இவ்வளவு காலத்துக்குப் பிறகும் உங்கள் கண்ணை விட்டுப் போகவில்லை என்று சிரித்தாள். இந்த வீட்டில் அவள் சிரித்துக் கன நாள்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். இந்த நாட்டுக்குப் படகில் வந்தபோது என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி இல்லை. முகாமில் அதிகாரி பிறந்த திகதி கேட்டார். யோசிக்காமல் குறிப்பில் உள்ளதைச் சொன்னேன். விசாவில் அதுதான் இருக்கிறது: பதின்மூன்று. பிறகு நீங்கள் ஊரிலிருந்து எடுப்பித்து அனுப்பிய பிறப்பு அத்தாட்சியைக் காட்டித்தான் லைசென்ஸ் எடுத்தேன், வங்கியில் கணக்குத் திறந்தேன். அவற்றில் பதினான்கு. வாளி செய்யும் அந்தத் தொழிற்சாலையில் வேலை இருக்கும்வரை இதை ஒருவரும் கேட்கவில்லை.

நத்தார்ப் பண்டிகைக்கு முன் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். முதலில் கவுண்டரில் கடதாசியை வாங்கிக்கொண்டு காசு போட்டார்கள். இப்போது எல்லாம் இணையத்தில்தானாம். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் நான் வேலை தேடினேன் என்று அதில் போய்ச் சொல்லவேண்டும். சொல்வதற்கு முன் நான்தான் நான் என்று காட்டவேண்டும். பதின்மூன்று என்று போட்டால் லைசென்ஸ் பொருந்தாது. பதினான்கு என்று போட்டால் விசா பொருந்தாது. மாறி மாறிப் போட்டுப் பார்த்ததில் அது பூட்டிக்கொண்டது.

கந்தோருக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை நல்ல பிள்ளை. சிரித்துக்கொண்டே மூலையில் இருந்த கம்பியூட்டரைக் காட்டி, அதில் செய்யச் சொன்னாள். கம்பியூட்டர், கவுண்டருக்குப் போகச் சொன்னது. போனில் எடுத்தால் பாட்டுப் போடுகிறார்கள். ஆள் வருவதற்குள் என் போனில் காசு முடிந்துவிடும்.

வீட்டில் பக்கத்திலிருந்து கம்பியூட்டரில் தட்டித் தந்தவள் நிரூபாதான். “அப்பா, உங்களுக்கு ரெண்டு பேர்த்டேயா? சோ லக்கி!” என்றாள். நான் குசினிக்குள் போய் நின்றேன்.

கடைசியாகக் கவுண்டர்ப் பிள்ளை ஒன்று சொன்னாள். இரண்டு திகதியும் ஒரே ஆளுடையதுதான் என்று, விசயம் தெரிந்த, மதிப்பான ஒருவர் கையெழுத்து வைத்துத் தந்தால் மேலே அனுப்பிப் பார்க்கலாமாம். ஜெயரட்ணம் சித்தப்பா உங்களுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறார். கடதாசிகளை உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கிற சமாதான நீதவான் வேறு. நீங்கள் அவருடன் கதைப்பதில்லை என்று தெரியும். வாடகை கேட்டு வீட்டுக்காரர் இரண்டு முறை வந்துவிட்டுப் போனார், அம்மா. வேறு வழி இருந்தால் உங்களைக் கேட்கமாட்டேன்.

விக்னராஜா


வென்ட்வேர்த்வில்
25.03.2013

என் மகனுக்கு,

போனேன்.

நீ கரை சேர்ந்த வருசம் கோயில் மண்டபத்தில் ஜெயரட்ணம் சொன்னதை நான் மறந்து போகவில்லை. “கப்பலிலை வந்ததுகள் எங்கடை பேரைக் கெடுக்குதுகள்.” நான் பின்னால் சாப்பாட்டுப் பந்தியில் இருந்தேன். அன்று பாதிச் சோற்றில் எழும்பினவள், அவனோடு ஒரு சொல் பேசினதில்லை. உனக்காக உழுந்து வடை சுட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

வாசலில் அவன் பெயரும் சமாதான நீதவான் என்பதும் இங்கிலீசில் பித்தளையில் மின்னுது. ரஞ்சினி வாசித்துச் சொன்னாள்.

“வாங்கோ மச்சாள், கண்டு கன காலம்.”

“காணாத மாதிரித்தானே திரிஞ்சனீர், தம்பி.”

தேத்தண்ணி வந்தது. விசயத்தைச் சொன்னேன். “பெடியன் கோழி கூவமுன் பிறந்தவன். நீர்தானே மணி பாத்துச் சொன்னனீர். அதை எழுதி ஒரு கையெழுத்து வைச்சுத் தாரும்.”

“நானோ? நான் அப்ப கொழும்பிலையெல்லோ நிண்டிருப்பன்.”

“முற்றத்திலை இருந்தனீர். ஒரு கால் ஆடுற கதிரை. புது மணிக்கூடு தெரியவேணுமெண்டு சேட்டுக் கையை முழங்கை மட்டும் மடிச்சு விட்டிருந்தனீர்.”

“எனக்கு ஞாபகமில்லை, மச்சாள்.”

“பதிவுக்காரரிட்டைப் போனது?”

“ஞாபகமில்லை.”

“திரும்பி வரேக்கை சாணியை மிதிச்ச செருப்போடை குசினிக்குள்ளை போய்ப் பூரணத்திட்டை ஏச்சு வாங்கினது?”

அவன் சிரித்துவிட்டான். “பூரணமக்காவுக்கு எப்பவும் அந்த வாய்…” என்று தொடங்கினவன், அப்படியே வாயை மூடிக்கொண்டான். ரஞ்சினி அவனைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவன் வடைத் தட்டைப் பார்த்தான்.

“இல்லை மச்சாள், ஒண்டும் ஞாபகமில்லை. பாருங்கோ, நான் வாசலிலை பேர்ப்பலகை வைச்சிருக்கிற ஆள். நாளைக்கு இந்தக் கப்பல் கேசுகளுக்குள்ளை என்ரை பேர் வரக்கூடாது.”

“கேசு இல்லை. சோறு.”

தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பினேன். வடையையும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். ரஞ்சினிக்கு வெட்கமாய்ப் போய்விட்டது, எனக்கு இல்லை.

அன்று இருந்தவர்களில் ஆச்சி இல்லை, சின்னத்தங்கம் இல்லை, பூரணமும் இல்லை, உன் அப்பாவும் இல்லை. உயிரோடு இருக்கிற ஒருத்தனும், தான் அங்கே இருக்கவில்லை என்கிறான். பரவாயில்லை. வேறு வழி பார்ப்போம். நீ அந்தரப்படாதே. நேரத்துக்குச் சாப்பிடு. வசந்தினியோடு சண்டை பிடிக்காதே, அவள் உனக்கு வாய்த்தவள்.

உன் அம்மா
பாக்கியம்


டண்டினொங்
19.04.2013

அம்மாவுக்கு,

ஜெயரட்ணம் சித்தப்பா எனக்குப் போன் எடுத்தார். நீங்கள் வந்துபோனதைச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. நல்லதுக்குச் சொல்கிறேன் என்றுதான் தொடங்கினார். “தம்பி, திகதியை மாத்தப் போனியெண்டால், முகாமிலை பொய் சொன்னனீ எண்டு விசாவிலை கை வைப்பாங்கள். பிறகு பெண்டில் பிள்ளையோடை திருப்பி ஏத்துவாங்கள். கமுக்கமா இரு. அம்மாவையும் இருக்கச் சொல்லு.”

அன்று இரவு முழுக்க நிரூபாவின் பள்ளிக்கூடச் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காசு வேண்டாம் என்று கந்தோருக்குச் சொல்லிவிட்டேன். அதைச் சொல்ல மட்டும் ஒரு அடையாளமும் கேட்கவில்லை.

வீட்டை விட்டுவிட்டோம். வசந்தினியும் நிரூபாவும் அவளுடைய சிநேகிதி வீட்டுப் பின்னறையில் இருக்கிறார்கள். கீழே அந்த விலாசம் எழுதியிருக்கிறேன். நான் வரதராஜா என்ற ஒப்பந்தக்காரரின் வான் வண்டியில் மில்டூரா பக்கம் தோட்ட வேலைக்குப் போகிறேன். அவர் பிறந்த திகதி கேட்பதில்லை. பெயரும் கேட்பதில்லை. எங்களைத் தலை எண்ணி ஏற்றுகிறார்.

உங்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அம்மா. நீங்கள் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அந்தத் திரையில் ஏறாத ஞாபகத்தால் என்ன செய்வது? பதின்மூன்றாம் திகதிக்காரன் ஒருவன், பதினான்காம் திகதிக்காரன் ஒருவன். இரண்டு பேரையும் அவர்கள் இல்லை என்றுவிட்டார்கள். சில நேரம் அவர்கள் சொல்வதுதான் சரியோ என்று எனக்கே படுகிறது. கண்ணாடியில் பார்த்துத் தாடி வழிக்கும்போது, யாருக்கு வழிக்கிறேன் என்று நிற்கிறேன்.

எனக்காக இனி ஒரு கந்தோருக்கும் போகாதீர்கள்.

விக்னராஜா


வென்ட்வேர்த்வில்
14.08.2013

என் மகனுக்கு,

நேற்று உன் குறிப்புப்படி பிறந்தநாள், உனக்கு அர்ச்சனை செய்தேன். இன்று கந்தோர்ப்படி பிறந்தநாள், இன்றும் செய்தேன். ஐயர் “நேற்றும் இதே பேர்தானே அம்மா?” என்றார். “ஓம், ஆளும் இதே ஆள்தான்” என்றேன். அவர் கந்தோர்க்காரர் மாதிரி இல்லை. மேலே ஒன்றும் கேட்காமல் பூவைத் தந்தார்.

இதை வசந்தினியின் விலாசத்துக்குத்தான் அனுப்புகிறேன். உன் போன் வேலை செய்யவில்லை. வரதராஜாவை ரஞ்சினி பிடித்துக் கேட்டாள். “அவர் ஆனி முடிய முன்னமே போயிட்டாரே, அக்கா. எங்கை எண்டு சொல்லேல்லை. கூலியிலை மிச்சமும் வாங்கேல்லை” என்றானாம். வசந்தினி ஒரு துணிக்கடையில் கூட்டித் துடைக்கிறாள். நிரூபா, உன்னைப் பற்றிக் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்கிறாளாம். முந்தி உன்னோடு தமிழில் கதைத்த பிள்ளை.

நீ போகாதே என்று எழுதியும் நான் போனேன். பரமட்டாவில் காசு வாங்காமல் சட்டம் சொல்லும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே வைதேகி என்று ஒரு பிள்ளை. வடிவான பேர், தமிழ் கொஞ்சம் நொண்டும். உன் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தாள்.

“அம்மம்மா, நீங்க அவரோட அம்மாதானே?”

“வேறை ஆர்?”

“அப்ப நீங்களும் அங்கை இருந்தீங்கதானே, அவர் பிறக்கேக்கை?”

ரஞ்சினி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலையில் ஆரோ குட்டின மாதிரி இருந்தது.

“அப்ப நீங்களே சைன் பண்ணலாம். நீங்கதான் விட்னஸ். வேறை ஒருத்தரும் தேவையில்லை.”

விசாவைப் பறிப்பார்களோ என்று கேட்டேன். உன் விசாக் கடதாசியை எல்லாம் வசந்தினியிடம் எடுப்பித்து வாசித்தாள். “இது பொய் இல்லையே, அம்மம்மா. ரெண்டு கலண்டர். அதை நாங்களே அவைக்கு எழுதுவம்” என்றாள்.

அன்று இருந்தவர்கள் எல்லோரையும் சொன்னேன். கோழியையும் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டாள். கீழே நான் தமிழில் பாக்கியம் என்று எழுதினேன். இங்கிலீசுக் கடதாசியில் அது என் எழுத்து மாதிரியே கோணலாய் இருந்தது.

ஏற்றுக்கொண்டுவிட்டார்கள், மகனே. இரண்டு திகதியும் ஒரே ஆள்தானாம். கடிதம் வசந்தினி கையில் இருக்கிறது. நீ காசை வேண்டாம் என்றதையும் திருப்பிப் பார்ப்பார்களாம். ஒன்றே ஒன்றுதான் மிச்சம். நீ ஒரு முறை நேரில் வந்து கவுண்டரில் முகத்தைக் காட்டவேண்டும். கம்பியூட்டர் இல்லை. முகம். அதற்கு ஒரு தவணை தந்தார்கள். வசந்தினி தனியாகப் போய் நின்றாள். இன்னொரு தவணை தந்தார்கள். அதுவும் போன கிழமை முடிந்துவிட்டது.

இவ்வளவு நாளும் உன் பேர் இருந்தது, திகதி பொருந்தவில்லை. இப்போது எல்லாம் பொருந்துகிறது. ஆளைக் காணவில்லை.

ஜெயரட்ணம் கோயிலில் வந்து பக்கத்தில் நின்றான். “மச்சாள், இப்ப கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வருது. வேணுமெண்டால் கையெழுத்து…” என்று இழுத்தான். “சுவாமியைக் கும்பிட விடும்” என்றேன். அவன் கதையை நான் சாகும்வரை சொல்லிக்கொண்டுதான் இருப்பேன். அதை விடு.

இதை நிரூபாதான் பிரிப்பாள் என்று நினைக்கிறேன். வாசிக்கக் கஷ்டமாய் இருந்தால் உன் அப்பா வரும்வரை வைத்திரு, பிள்ளை. கிழித்துப் போடாதே.

உன் அம்மா
பாக்கியம்

பி.கு. கையெழுத்து வைக்கமுன் வைதேகி பேர்களை ஒருக்கால் வாசித்துக் காட்டினாள். ஆச்சி, சின்னத்தங்கம், பூரணம், அப்பா, ஜெயரட்ணம், நான். “இவ்வளவு பேர்தானா?” என்றாள். ஓம் என்றேன். “பேபி?” என்று கேட்டாள். மாசியில் உனக்கு எழுதின கடிதத்திலும் நான் அந்தப் பேரை விட்டுவிட்டேன். அன்று அங்கே நீயும் இருந்தாய். எல்லாரையும்விட உரக்கக் கத்தினவன் நீ. ஜெயரட்ணம், தான் அங்கே இருக்கவில்லை என்று சொன்னது கையெழுத்துக்குப் பயந்து. நீ ஒரு கம்பியூட்டர்ப் பெட்டி சொன்னதைக் கேட்டு, பெற்றவள் இருக்கத்தக்கதாக, நீயே உன்னை இல்லை என்றுவிட்டுப் போனாய். கந்தோர்ப் பிள்ளையை மன்னித்துவிட்டேன். வரதராஜாவை மன்னித்துவிட்டேன். ஒருத்தனை மட்டும் முடியாது. அவன் வந்து என் கண்ணுக்கு முன்னால் நின்று ஏச்சு வாங்கும்வரை முடியாது. பேரை எழுதுகிறேன், கந்தோரில் உள்ள மாதிரியே: விக்னராஜா.