லெமோஸ் சகோதரங்களின் நான்காவது இடம்

பிக்கரிங்,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஸ்டெபனி,

ஆண்டவர் காவலில் அப்பா, மரியோ, நான் மூவரும் சுகம். நீயும் சாவோ பவுலோவில் சுகமென்று எழுதியிருக்கிறாய், நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று எழுதவில்லை.

உன் செய்தி வந்ததிலிருந்து எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. நேற்று ரயிலில் லெமோஸ் சகோதரங்களின் பழைய பாட்டுகளைக் கேட்டபடியே பிக்கரிங்கில் இறங்காமல் அடுத்த ஸ்டேசன் அஜக்ஸ் வரை போய்விட்டேன். கோயிலில் பாடத் தொடங்கி இருபத்தாறு வருடம், பதினொரு இசைத்தட்டு, மேடையில் நான்கு பேரும் பிறந்த ஒழுங்கிலேயே நிற்கிறார்கள், எந்தக் குரல் யாருடையதென்று பிரிக்க முடியவில்லை. இப்போது கடைசித் தங்கை ஜாண்டிரா விலகிவிட்டாள், நோட்டீசில் அவள் பெயர் அச்சாகிவிட்டது, இனிப் பாடப்போவது வானொலியில் மட்டுமே அவர்களைக் கேட்ட ஊர்களில் என்பதால் சனிக்கிழமை முதல் நீ ஜாண்டிராவாகவே நின்று பாடவேண்டுமாம், சம்மதிக்கலாமா என்று கேட்கிறாய். அப்பா, ஓம் எண்டு சொல்லட்டும், நாலுநாள் கூத்துத்தானே என்றார். மரியோ, உவளுக்குச் சகோதரமெண்டு நான் ஒருத்தன் காணாதாம், புதுசா மூண்டு பேரைப் பிடிச்சிட்டாள் என்று சிரித்தான், பிறகு சாப்பாட்டை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

உனக்குச் சொல்லாத ஒன்று இருக்கிறது. பதினைந்து வயதில் நான் கனடாவுக்கு வந்தது என் பெயரில் அல்ல. அனோஜா என்றொரு பிள்ளை செங்கமாரியோடு கொழும்பு ஆஸ்பத்திரியில் கிடந்தாள், ஏஜென்சிக்காரன் அவளுடைய பாஸ்போட்டில் என்னை அவள் குடும்பத்தோடு ஏற்றிவிட்டான். அவள் பிறந்த திகதியையும் தம்பிமாரின் பெயர்களையும் பாடமாக்கினேன். சின்னவன் விமானத்தில் என் மடியிலேயே நித்திரை கொண்டான், இறங்கும்போது என்னை அக்கா என்று கூப்பிட்டான். அனோஜா பிறகு வந்து சேர்ந்தாளா என்று அந்தத் தாயிடம் நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. பயத்தில் கேட்கவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உன் குரல் அந்த இடத்துக்குப் பொருந்தும், எனக்குச் சந்தேகமில்லை, அதுதான் என் கவலையும். ஜாண்டிரா ஏன் விலகினாள் என்று நீ எழுதவில்லை. அவளுடைய சகோதரங்களிடம் கேளாதே, அவளையே தேடிப்போய்க் கேள். அவள் சம்மதித்தால் பாடு. வேண்டாமென்றால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும், சனங்கள் பார்க்கட்டும்.

மாதா உன்னோடு இருப்பா. தபால் போய்ச்சேர மாதக்கணக்காகும், அதனால் இதைப் படமெடுத்து அனுப்புகிறேன். சனிக்கிழமைக்கு முன் அவளைப் பார். அவள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் எனக்கு எழுது.

உன் அம்மா,
ஜோசப்பின்