தபால் படகின் சுக்கான்

1923 ஆகஸ்டு 6, திங்கள்

இன்றும் வேலப்பனுக்கு வழிவிட்டேன். சிவப்புத் தபால் கொடி கட்டிய படகு வந்தால் மற்றப் படகெல்லாம் ஒதுங்கித் துடுப்பைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அதுதான் துறைமுக வழக்கம். அவன் சுக்கானில் நின்றுகொண்டு, "இன்னா மாமு, சௌக்கியமா?" என்று பல்லைக் காட்டிவிட்டுப் போனான். என் பெண்டாட்டியின் தம்பி. ஒரே நாளில்தான் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். அவனுக்கு ரங்கூன் தபால், எனக்கு அரிசி மூட்டை. வயிறு எரிகிறது.

ஆகஸ்டு 9

சோறு போடும்போதும் கெங்கம்மாவுக்குத் தம்பி புராணம்தான். "தபாலாபீசு தொரையே அவனாண்ட நின்னு பேசினாராம்யா!" பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன்.

ஆகஸ்டு 13, திங்கள்

ரங்கூன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நின்றது. என் படகிலிருந்து பார்த்தால் மஞ்சள் கொடி தெரிந்தது – உள்ளே நோய், யாரும் ஏறக்கூடாது. வேலப்பன் அந்தப் பக்கமாக வந்தான். புகைக்கூண்டுப் புகை அவனுக்குக் கொடியை மறைத்துவிட்டது. முதல் தபால் மூட்டையைச் சுக்கான்காரனே மேலே போய் வாங்க வேண்டும். ஏணியில் கை வைத்தான்.

ஒரு கூப்பாடு போட்டிருந்தால் போதும். வாயைத் திறந்தேன் – மூடிக்கொண்டேன்.

ஏறிவிட்டான்.

ஆகஸ்டு 14

கப்பலில் பெரியம்மை. ஏறினவனை இறங்க விடமாட்டார்களாம். கெங்கம்மா ஈரப்புடவையோடு மாரியாத்தா கோயிலைச் சுற்றுகிறாள். தபால் படகு என் கைக்கு வந்துவிட்டது. என்னையே கேட்டுக்கொள்கிறேன்: கேட்டது கெடச்சிச்சே, சந்தோஷமா கீதாடா ஒனக்கு? சொல்லு!

ஆகஸ்டு 16

எல்லாப் படகும் எனக்குத் துடுப்பைத் தூக்கின. நோய் ஒட்டாமலிருக்கப் புகை போட்ட தபால் மூட்டைகளைக் கப்பலிலிருந்து கயிற்றில் இறக்கினார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் வேலப்பன்.

"மாமு, தண்ணி வடக்கால இழுக்குது, பாத்துப் புடி!" என்றான். பிறகு, "அன்னிக்கு ஒனக்கும் கொடி தெரியலல்ல? தெரிஞ்சிருந்தா என்ன ஏற வுட்டிருப்பியா!"

தெரியவில்லை என்று தலையாட்டினேன்.

ஆகஸ்டு 29

வேலப்பனுக்கும் அம்மை போட்டிருக்கிறது.

அக்டோபர் 8, திங்கள்

அம்மையில் அவனுக்கு ஒரு கண் போய்விட்டது. இனி சுக்கான் தரமாட்டார்கள். என் பழைய அரிசிப் படகில்தான் உட்கார்ந்திருந்தான். என் கொடியைப் பார்த்ததும் எல்லாருக்கும் முன்னால் துடுப்பைத் தூக்கிப் பிடித்தான்.

"இன்னா மாமு, சௌக்கியமா?"

அதே சிரிப்பு. அவனால் அப்படிச் சிரிக்க முடிகிறது. அதற்கும் என் வயிறு எரிகிறது.