கதவோர நாற்காலிகள்

மாலைக் கல்லூரி, மாடி அறை
ஜூன் 9

மதிப்பிற்குரிய பகல் கல்லூரி முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே ஊரில் உட்கார்ந்துகொண்டு இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். போனில் நீங்கள் பேசிக்கொண்டே போகிறீர்கள், ஐயா. நான் ‘ம்’ கொட்டிவிட்டு வைத்துவிடுகிறேன். மின்னஞ்சல் அனுப்பினால் உங்களுக்கு முன்னால் உங்கள் அலுவலகமே படித்துவிடுகிறது. அதனால் இதைத் தபால் பையில் போட்டு அனுப்புகிறேன். உறையை நீங்களே பிரியுங்கள்.

நேற்றைய விழுமியக் குழுக் கூட்டத்தைப் பற்றித்தான். இரண்டு மேலாண்மைக் கல்லூரிகளை ஒன்றாக்கியாயிற்று, இனி எல்லோருக்கும் பொதுவாக ஒரு பண்பாடு வேண்டும், அதை ஏழு சொற்களில் எழுதிக் கொடுங்கள் என்று நிர்வாகக் குழு கேட்கிறது. மதியம் முழுக்கப் பேசினோம். நேர்மை, மரியாதை, புதுமை என்று சோப்பு உறையைப் படிப்பது போல இருந்தது. உங்கள் கணக்குப்பதிவு ஆசிரியர், காலந்தவறாமைதான் முதலில் வர வேண்டும் என்று மேசையைத் தட்டினார். நான் ‘அக்கறை’ என்றதற்கு, “அது ஆஸ்பத்திரிக்கு மேடம், நமக்கு எதுக்கு?” என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீங்கள் பார்த்தீர்கள்.

சொல் எதுவானாலும் போகட்டும். உங்கள் கட்டடத்தில் இரு பக்க மாணவர்களும் சேர்ந்து படிக்கிற மாலை வகுப்பில், மணி அடித்ததும் உள்தாழ்ப்பாள் போடுகிறீர்கள். என் மாணவர்கள் வேலை முடித்து ஓடி வருகிறவர்கள். துணிக்கடை ஒன்றில் மேற்பார்வை பார்க்கும் பெண் ஒருத்தி, போன வாரம் முழுக்க வராந்தாவில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறாள். டிசம்பரில் இந்த இணைப்பு நீடிக்கலாமா என்று நிர்வாகக் குழு வாக்கெடுக்கும்போது வருகைப் பதிவைத்தான் பார்ப்பார்கள். வேண்டாம் என்று முடிவானால் உங்களுக்குப் பகல் கல்லூரி இருக்கும். எங்கள் மாலை வகுப்பை மூடிவிடுவார்கள். அவளுக்குப் படிக்க வேறு இடம் கிடையாது.

யோசித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
மாலைக் கல்லூரி முதல்வர்

பி.கு.: மாணவர்கள் உங்களுக்கு வைத்திருக்கும் பெயர் ‘தாழ்ப்பாள்’. வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

*

பகல் கல்லூரி
ஜூன் 13

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உறையை நானே பிரித்தேன். தாழ்ப்பாள் என்ற பெயர் எனக்குத் தெரியும். முன்பு இருந்த பெயர் இதைவிட மோசம், ஆகையால் குறையில்லை.

என் பக்கத்தையும் கேளுங்கள். ஒருவர் தாமதமாக வந்தால் கதவு கிறீச்சிடுகிறது, வகுப்பே திரும்பிப் பார்க்கிறது, ஆசிரியருக்கு விட்ட இடம் மறந்துபோகிறது. நேரத்துக்கு வந்தவன் என்ன பாவம் செய்தான்? நான் கண்டிப்பானவன், கல்நெஞ்சக்காரன் அல்ல. அந்தப் பெண் வராந்தாவில் நின்றதைப் படித்தபின் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் வழி தெரியவில்லை.

எங்கள் அலுவலகத்தில் இந்த இணைப்பைக் கல்யாணம் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் நீங்களும் நானும் சம்பந்திகள். சம்பந்தி வீட்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும் அல்லவா? உங்கள் கட்டடத்தில் நடக்கும் வகுப்பு ஒன்றில் வந்து உட்காரலாமா?

அன்புடன்,
பகல் கல்லூரி முதல்வர்

*

பகல் கல்லூரி
ஜூலை 2

அன்புள்ள சம்பந்தியம்மா,

நேற்று உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போயும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே நுழைந்ததும் கதவோர நாற்காலிகள் எல்லாம் காலியாக இருந்தன. பாதிப் பேர் வரவில்லை போலிருக்கிறது, இதற்கா இந்த அம்மா இவ்வளவு சண்டை போட்டார் என்று நினைத்தேன், மன்னியுங்கள். அப்புறம்தான் கவனித்தேன். வந்தவர்கள் எல்லாரும் உள்பக்கமாக, ஜன்னலோரம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருவர் வியர்வையோடு வந்து கதவோரம் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் தன் நோட்டை அவர் பக்கம் நகர்த்தி, பாடம் போய்க்கொண்டிருந்த வரியில் விரலை வைத்தார். ஆசிரியர் பேச்சை நிறுத்தவே இல்லை. அடுத்து வந்தவருக்கும் அப்படியே நடந்தது.

வகுப்பு முடிந்ததும், இந்த ஏற்பாட்டை யார் செய்தது என்று கேட்டேன். “எந்த ஏற்பாடு சார்?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள்.

இன்று காலையில் தச்சரை வரவழைத்துக் கூட்டு வகுப்பின் தாழ்ப்பாளைக் கழற்றச் சொல்லிவிட்டேன். கணக்குப்பதிவு ஆசிரியர் என்னோடு பேசுவதில்லை.

ராத்திரி இவ்வளவு நேரம் யாருக்கு எழுதுகிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். சம்பந்திக்கு என்றேன். “நம்ம வீட்டுல யாருக்குக் கல்யாணம்? எனக்குத் தெரியாமலா?” என்கிறாள். விளக்கிச் சொல்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்புடன்,
தாழ்ப்பாள் (கழற்றப்பட்டது)

*

மாலைக் கல்லூரி
ஜூலை 6

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். எனக்குச் சட்டென்று கண் கலங்காது. அன்று கலங்கியது, சொல்வதற்கென்ன.

துணிக்கடைப் பெண் நேற்று உள்ளே உட்கார்ந்து முழு வகுப்பையும் கேட்டாளாம். பகல் பையன்கள் முறைத்தார்கள், ஆனால் யாரும் எதுவும் சொல்லவில்லை என்றாள். அது போதும். ஒட்டிக்கொள்ள நாளாகும்.

வீட்டம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பெண் வீட்டுக்காரி நான்தான் என்றும் சொல்லுங்கள், மரியாதை தானாக வரும்.

அன்புடன்,
சம்பந்தி

*

பகல் கல்லூரி
ஆகஸ்ட் 20

அன்புள்ள சம்பந்தியம்மா,

அவசரமாக நாலு வரி. உங்களுக்கு ஒரு சந்தோஷச் செய்தி. உங்கள் பழக்கத்தைக் கூட்டு வகுப்பில் முறைப்படியே கொண்டுவந்துவிட்டேன். கதவோர நாற்காலிகளின் முதுகில் மஞ்சள் அட்டை ஒட்டியிருக்கிறது: ‘தாமதமாக வருவோருக்கான இருக்கை’. அடியில், ‘அக்கறை: நமது விழுமியம், எண் 4’. நிர்வாகக் குழுத் தலைவர் பார்த்துவிட்டு மெச்சிக்கொண்டார். போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் போடப் போகிறார்களாம்.

உங்கள் பாராட்டுக்குக் காத்திருக்கும்,
தாழ்ப்பாள்

*

மாலைக் கல்லூரி
செப்டம்பர் 4

மதிப்பிற்குரிய முதல்வர் அவர்களுக்கு,

வணக்கம். துணிக்கடைப் பெண் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளோடு இன்னும் சிலரும். வருகைப் பதிவு உங்களிடமே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கடைக்கே போய்க் கேட்டேன். சேலைக் கட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள். “லேட்டா வர்றவன்னு முதுகுல எழுதி ஒட்டின நாற்காலியில எப்படி மேடம் போய் உக்காருவேன்? தாழ்ப்பாள் போட்டப்பக் கோபம்தான் வந்துச்சு. இப்பக் கூச்சமா இருக்கு.”

ஐயா, என் மாணவர்கள் ஒருவருக்கொருவர் இடம் விட்டார்கள். நீங்கள் அவர்களுக்கு இடம் ஒதுக்கினீர்கள். இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வருத்தம். யாரும் காணாமல் நடந்துகொண்டிருந்த ஒன்றைத் தூக்கிச் சுவரில் மாட்டிவிட்டீர்கள். கோபத்தில் எழுதுகிறேன், தெரிந்தே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
மாலைக் கல்லூரி முதல்வர்

*

பகல் கல்லூரி
செப்டம்பர் 7

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

சம்பந்தி என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் கடிதம் வந்த அன்றே, எல்லாரும் போனபின் நானே உட்கார்ந்து அட்டைகளைக் கிழித்தேன். பசை நல்ல பசை, சுரண்டச் சுரண்ட வரவில்லை. என் நகம்தான் போனது. நாற்காலிகளில் வெள்ளையாகத் தழும்பு மாதிரி நிற்கிறது. ஆண்டறிக்கைக்குப் போட்டோ கிடையாது என்று தலைவரிடம் சொல்லிவிட்டேன், அவர் முகம் கறுத்துப்போனது.

நல்லது ஒன்றைக் கண்டால் அதற்கு ஒரு எண்ணும் அட்டையும் போட்டால்தான் என் மனசு ஆறும். இத்தனை வருஷமாக நான் கற்றுக்கொடுத்ததும் அதைத்தான். அந்தப் பெண்ணைக் கடையில் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்கட்டுமா? இடம் விடச் சொல்லி மாணவர்களுக்கு ஒரு கூட்டம் போடட்டுமா? நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

வருத்தத்துடன்,
பகல் கல்லூரி முதல்வர்

*

மாலைக் கல்லூரி
செப்டம்பர் 11

அன்புள்ள ஐயா,

கடைக்குப் போகாதீர்கள். முதல்வர் வந்து மன்னிப்புக் கேட்டார் என்று கடையே பேசும், அவள் வேலைக்கும் வராமல் நின்றுவிடுவாள். கூட்டமும் வேண்டாம். உங்கள் நகத்துக்கு மருந்து போடுங்கள்.

கொஞ்ச நாள் எதுவுமே செய்யாமல் இருக்க முடியுமா உங்களால்? கதவு திறந்திருக்கட்டும். அது போதும். அவளிடம் நான் பேசுகிறேன், வருவது அவள் இஷ்டம்.

கோபம் பாதி போய்விட்டது. மீதி இருக்கிறது.

அன்புடன்,
மாலைக் கல்லூரி முதல்வர்

*

பகல் கல்லூரி
அக்டோபர் 30

அன்புள்ள அம்மா,

எதுவும் செய்யாமல் இருக்கிறேன். இதைவிடக் கஷ்டமான வேலை எனக்கு யாரும் கொடுத்ததில்லை. தினமும் வராந்தாவில் நடப்பது போல நடந்து, கதவு வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகிறேன். என் கை ஏதாவது சுற்றறிக்கை எழுதப் பரபரக்கிறது. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொள்கிறேன்.

உங்கள் துணிக்கடைப் பெண் திரும்பி வந்துவிட்டாள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். நேற்று அவள் வந்தபோது கதவோரம் ஒரு பகல் பையன் உட்கார்ந்திருந்தான், முன்பு முறைத்தவர்களில் ஒருவன். அவளைப் பார்த்ததும் பையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாற்காலி உள்ளே தள்ளிக்கொண்டான். நோட்டை நகர்த்தவில்லை, விரல் வைக்கவில்லை. தள்ளி மட்டும் உட்கார்ந்தான். நான் பாராட்டுச் சான்றிதழ் எதுவும் கொடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வருகைப் பதிவு இன்னும் மோசமாகத்தான் இருக்கிறது. வாக்கெடுப்பை நினைத்தால் எனக்கே தூக்கம் வரவில்லை. உங்கள் பக்கத்தை நீங்களே எடுத்துச் சொன்னால்தான் எடுபடும். கூட்டம் டிசம்பர் நாலு, என் கட்டடத்தில். நேரத்துக்கு வந்துவிடுங்கள்.

அன்புடன்,
தாழ்ப்பாள்

*

மாலைக் கல்லூரி
டிசம்பர் 5

அன்புள்ள சம்பந்தி,

நேற்றுக் கூட்டம் முடிந்ததும் எல்லாரும் உங்களைச் சூழ்ந்துகொண்டார்கள், ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தீர்கள். நானும் சீக்கிரமே கிளம்பினேன். மழையில் பேருந்து பாதி வழியில் நின்றுவிட்டது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். மாடிப்படி ஏறும்போதே உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. போச்சு, ஆரம்பித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். நிர்வாகக் கூட்டத்துக்குக் கதவடைப்பது உங்கள் கல்லூரியில் காலங்காலமாக உள்ள வழக்கம். வராந்தாவில் நிற்கப் போகிறேன், என் பிள்ளைகள் நின்ற அதே இடத்தில், அவர்களுக்காக ஒரு வார்த்தை சொல்லாமலே எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணிக்கொண்டே மீதிப் படிகளை ஏறினேன்.

கதவு திறந்திருந்தது. கதவோர நாற்காலி காலியாக இருந்தது. தலை சொட்டச் சொட்ட உட்கார்ந்தேன். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த நாற்காலியில் உங்கள் கணக்குப்பதிவு ஆசிரியர். மேசையைத் தட்டிய அதே மனிதர். தலைவரைப் பார்த்தபடியே தன் தாளை என் பக்கம் நகர்த்தி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

அந்த வரியில் இருந்துதான் பேசினேன். வருகைப் பதிவு மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன் என்று ஆரம்பித்து, துணிக்கடைப் பெண் திரும்பி வந்ததைச் சொன்னேன். அப்புறம் என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை, நனைந்த சேலையோடு நடுங்கிக்கொண்டிருந்தேன். இணைப்பு நீடிக்கும், மாலை வகுப்பும் இருக்கும் என்று அவர்கள் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. துணிக்கடைக்குப் போய் அவளிடம் சொன்னேன். “அப்ப நாளைக்கும் லேட்டாதான் வருவேன் மேடம்” என்று சிரித்தாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், காது குத்தாமல் பதில் சொல்லுங்கள். எனக்கு நாற்காலி விட்டுவைக்கும்படி கணக்குப்பதிவு ஆசிரியரிடம் சொல்லிவைத்தது நீங்கள்தானே? அப்படி இருந்தாலும் கோபப்பட மாட்டேன்.

அன்புடன்,
சம்பந்தி

*

பகல் கல்லூரி
டிசம்பர் 7

அன்புள்ள சம்பந்தியம்மா,

சத்தியமாக நான் சொல்லிவைக்கவில்லை. சொல்லக் கூடாது என்று நீங்கள்தானே என் கையைக் கட்டிப்போட்டீர்கள்.

உள்ளதைச் சொல்கிறேன். நீங்கள் வரவில்லை என்றதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறை நிறைந்துகொண்டிருந்தது. நானே போய்க் கதவோர நாற்காலியில் என் பையை வைத்துவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் கணக்குப்பதிவு ஆசிரியர் தான் கதவோரம் உட்கார்ந்திருந்த இடத்தை விட்டு எழுந்து, ஒரு நாற்காலி உள்ளே தள்ளி உட்கார்ந்துவிட்டார். ஜன்னல் பக்கத்தில் இருந்தவர்களும் நெருக்கிக்கொண்டார்கள். நான் நின்ற சுவடு தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று ஆசிரியர் அறையில் அவரைப் பிடித்து, அந்த அம்மாவுக்கு நாற்காலி விட்டதற்கு ரொம்ப நன்றி என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எந்த நாற்காலி சார்?” என்றார்.

அன்புடன்,
உங்கள் சம்பந்தி