தொட்டியை எங்கே வைப்பது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நீ அங்கே நோய்நொடி இல்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் இருவர் உடம்புக்கும் குறை இல்லை, மனசுதான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன், உன் சிரித்த முகத்தைப் பார்த்ததும் வார்த்தை வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்துகொண்டு படி. நம் கோணக்கொம்பி செத்துப்போய்விட்டாள். தாயில்லாத கன்றாக இருந்தபோது புட்டியில் பால் கொடுத்து நீ வளர்த்தவள். போன வாரம் அவளைக் காட்டு என்று நீ கேட்டபோது மேயப் போயிருக்கிறாள் என்று நான் சொன்னது பொய். அம்மாவை மன்னித்துவிடு.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், அவசரப்படாதே. வீடியோவில் ஒருநாள் பேசும்போது புல்வெளி ஏன் இப்படி மஞ்சளாகக் கிடக்கிறது என்று அப்பாவைக் கேட்டாய் அல்லவா, நீ சும்மா கேட்டாய், அவர் அதை மனசில் போட்டுக் குடைந்துகொண்டே இருந்தார். மண்ணைப் பற்றி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிற பெண், சொந்த வீட்டு நிலத்தைப் பார்த்து முகம் சுளித்துவிட்டாளே என்று சோறு கூட இறங்கவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் யூரியா மூட்டையைக் கொண்டுவந்து, மஞ்சளாக இருந்த இடம் பூராவும் கை வலிக்க வலிக்க வீசினார். மழையும் ஒழுங்காகப் பெய்யவில்லை, வெயிலும் அடிக்கவில்லை, வானம் மூடிக்கொண்டு சும்மா தூறிக்கொண்டே இருந்தது. ஆனால் புல் மட்டும் கறுத்துப் பச்சையாக எழுந்தது பார், சின்னப் பிள்ளை மாதிரி ஓடி ஓடிப் படம் எடுத்து உனக்கு அனுப்பினார். அழகாக இருக்கிறது அப்பா என்று நீ பதில் போட்டதை எனக்கு மட்டும் இல்லை, பால்காரருக்கும் காட்டினார்.

அந்தப் புல்லில் இன்னும் கொஞ்சநாள் மாடு மேயக் கூடாது என்று வாசல் படலைக் கட்டி வைத்திருந்தார். கோணக்கொம்பிக்குத்தான் பச்சையைக் கண்டால் பொறுக்காதே, காலையிலிருந்து படலில் கொம்பைத் தேய்த்துக்கொண்டு கத்தினாள். அப்பா கடைக்குப் போயிருந்தார். பசியோடு கத்துகிறதே என்று படலை அவிழ்த்துவிட்டது நான்தான். ஆசை ஆசையாகத் தின்றாள். மத்தியானத்துக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்து, நடுங்கி, தண்ணீர்த் தொட்டிப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டாள். மாட்டு டாக்டர் வந்து ஊசி போட்டும் பிழைக்கவில்லை. மப்பும் மந்தாரமுமாக இருந்தால் புல் அவ்வளவு உரத்தையும் குடித்துவிட்டுச் செரிக்க முடியாமல் தண்டிலேயே வைத்துக்கொள்ளுமாம், அதை வெறும் வயிற்றோடு மாடு தின்றால் விஷமாம். உனக்கு இதெல்லாம் தெரியும், எங்களுக்குத்தான் தெரியவில்லை. யார் அவிழ்த்துவிட்டது என்று டாக்டர் கொஞ்சம் கோபமாகவே கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் உன் அப்பா முந்திக்கொண்டு, "நான்தாங்க, என் தப்புதான்" என்றார். அன்றிலிருந்து இன்றுவரை என்னிடம் அதைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. திட்டியிருந்தாலாவது நானும் திருப்பி இரண்டு பேச்சுப் பேசி மனசு ஆறியிருப்பேன். அப்படித்தானே இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தினோம்.

நீ போன் பண்ணும்போதெல்லாம் அப்பா கொட்டகையில் வேலையாக இருக்கிறார் என்று நான் சொல்வது பாதி நிஜம், போன் மணி அடித்ததும் எழுந்து போகிறார். மஞ்சள் என்று சொன்னதற்குக் கோபமா என்று நீ கேட்டாயே, கோபம் இல்லையடி. "அவ மூஞ்சிய எப்படிப் பாக்குறது" என்று ஒரே ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான். மண்ணை எடுத்துக்கொண்டுபோய்ப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். புளிப்பு ஏறிக் கிடக்கிறதாம், சுண்ணாம்பு போட்டு ஆற விட வேண்டுமாம், யூரியாவைக் கொட்டுவதற்குப் பதில் புல்லோடு, மண்ணுக்குத் தானே சத்துச் சேர்க்கிற முயல்மசால் தீவனச் செடியும் கலந்து விதைக்கச் சொன்னார்களாம். நீ இங்கிருந்து கிளம்பும்போதே சொன்னாய், மாடெல்லாம் வாசல் பக்கத்துத் தொட்டியடியிலேயே நின்று சாணி போடுகிறது, அந்த மூலை கொழுக்கிறது, கடைசிப் பக்கம் பட்டினி கிடக்கிறது, தொட்டியைத் தள்ளி வைத்தால் மாடே எருவைச் சுமந்துகொண்டு போகும் என்று. பால் கறக்க அவ்வளவு தூரம் யார் நடப்பது என்று சிரித்தோம், நானும்தான் சிரித்தேன். அன்றைக்கே நகர்த்தியிருந்தால் மஞ்சளும் ஆகியிருக்காது, மூட்டையும் வந்திருக்காது.

இப்போது தொட்டியைத் தள்ளி வைக்க, இடுப்புவலியோடு தினமும் தண்ணீர்ப் பைப் புதைக்கப் பள்ளம் தோண்டுகிறார். ஆள் வைக்கச் சொன்னால் காதில் வாங்குவதில்லை. கோணக்கொம்பியின் கன்று அவர் பின்னாலேயே சட்டையை நக்கிக்கொண்டு அலைகிறது, அதை நினைத்துக் கவலைப்படாதே, நன்றாகத் தின்கிறது. பள்ளம் பாதிநிலம் வரை போய் நின்றுவிட்டது. நேற்றுச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "தொட்டிய மேட்டுல வைக்கச் சொன்னாளா, வேலியோரம் வைக்கச் சொன்னாளா, ஞாபகம் இருக்கா" என்று கேட்டார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டேன்.

படலை அவிழ்த்தது நான்தான் என்று உனக்குச் சொல்லியாயிற்று, இனி அவரிடமும் நானே பேசிக்கொள்கிறேன். நீ அழுவதானால் இன்றைக்கே அழுது முடித்துக்கொள், அங்கே தனியாக இருக்கிறாய், பட்டினி கிடக்காதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது என்னைத் தேடாமல் அப்பாவைக் கொடு என்று கேள், மாட்டைப் பற்றிப் பேச வேண்டாம், தொட்டியை எங்கே வைப்பது என்று மட்டும் சொல். எந்தக் குறையும் இல்லாமல் நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் கூப்பிடு, அன்று அவர் கொட்டகைக்குப் போகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா