ஒரே நாளில் அழிய வேண்டியவை

என் அன்பு வாயாடிக்கு,

நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பி எழுதுகிறேன். வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ அனுப்பும் செய்தி ஒரே நாளில் தானாக அழிந்துவிடும், வேறு யாரும் படிக்க முடியாது என்று என் போனில் பூட்டுப் போட்டுக் கொடுத்தாயே, எனக்கு மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலிருந்து வந்ததும், அழிவதற்குள் எல்லாவற்றையும் உன் பழைய அறிவியல் நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். என் மூன்றாம் வகுப்புப் படிப்புக்கு ஒரு வரிக்குக் கால் மணி நேரம். பரீட்சை எப்பம்மா என்று அப்பா கேலி செய்வார். எடுத்துப் படித்தால் நீ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருக்கும்.

போன செவ்வாய்க்கிழமை வீடு வீடாகச் சோதனை போட்டுக்கொண்டு போலீஸ் வந்தது. அதிகாரி போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார், திறக்கவில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம், என் பொண்ணு போட்ட பூட்டு சார், மாப்பிள்ளையே வந்தாலும் திறக்காது என்றேன். அவர் சிரிக்கவில்லை. ரயில் நிலையத்துல குண்டு வெடிச்சுப் பதினொரு பேர் செத்தாங்கம்மா, அடுத்த குண்டு இப்படி ஒரு பூட்டுக்குள்ள இருந்தா நாங்க எப்படிக் கண்டுபிடிக்கிறது என்றார். அங்கே டிக்கெட் கொடுக்கிற நம் பக்கத்து வீட்டு அக்காவும் அதில் ஒருத்தி. பிறகு தலையணையைத் தூக்கி, அடியில் இருந்த நோட்டை எடுத்துப் புரட்டினார். கையெழுத்து முத்து முத்தா இருக்கும்மா என்றார். என் எழுத்தை ஒருத்தர் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

நோட்டில் குண்டு இல்லை. நெட்டையன் அச்சகத்து மாடியில் ஒளிந்திருக்கிறான் என்று நீ எழுதியது இருந்தது. காவலில் அடிபட்டவர்களின் எக்ஸ்ரே படங்களை உன் பத்திரிகைக்குக் கொடுத்ததைத் தவிர அந்தப் பிள்ளை என்ன செய்தான். அன்றைக்கே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், என் போனையும்தான். அவன் அம்மா என்னோடுதான் வேலை செய்கிறாள் என்று உனக்குத் தெரியும். இரண்டு பேர் பிடித்து மடிக்கிற விரிப்பை இப்போது தனியாகவே மடிக்கிறாள், நான் முனையைப் பிடிக்கப் போனால் விட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறாள்.

நீ வருகிற நாளை எண்ணிக்கொண்டிருந்தவள்தான் சொல்கிறேன், வராதே கண்ணு. உன் பேரும் அந்த நோட்டில் இருக்கிறது. என்னைத் திட்ட வேண்டுமென்றால் அங்கிருந்தே திட்டு, எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. நல்ல துணையோடு நூறு வயது இரு. கதவைத் தாழ்போட மறக்காதே.

உன் அசட்டு அம்மா

பின்குறிப்பு: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, இனி வீட்டில் எழுத்தே இருக்கக் கூடாது என்று அப்பா கண்ணில் பட்ட தாளையெல்லாம் வாளியில் போட்டுக் கொளுத்திவிட்டார். உன் விலாசமும் அதில்தான் இருந்தது. உறைக்குத் தபால்தலை ஒட்டியாகிவிட்டது.